ஆணும் பெண்ணியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்ணியம் குறித்த கலந்துரையாடல்களில் பல ஆண்டுகளாகப் பங்கேற்று வருகிறேன். மேடையை நோக்கிக் கேட்கப்படும் கேள்விகளைவிட, கூட்டம் கலைந்த பிறகு சிலர் தயங்கியபடி அருகில் வந்து கேட்பவைதாம் எனக்கு முக்கியமாகப் பட்டிருக்கின்றன. அவர்களில் பலர் ஆண்கள். சிலர் கோபத்துடன் கேட்டார்கள், சிலர் உண்மையான குழப்பத்துடன் கேட்டார்கள். ஆனால் கேள்விகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவற்றை நோக்கி விடை சொல்லியிருக்கிறேன்.

பெண்ணியம் என்றால் உண்மையில் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பெண் என்ற காரணத்துக்காக ஒருவருடைய உரிமையோ, வாய்ப்போ, மதிப்போ, பாதுகாப்போ குறைந்துவிடக் கூடாது என்ற கொள்கையும், குறைந்திருக்கும் இடங்களில் அந்த நிலையை மாற்றும் செயல்பாடும் சேர்ந்ததே பெண்ணியம். கொள்கையை ஏற்பவர்கள் ஏராளம். செயல்பாடு என்று வரும்போதுதான் தயக்கம் தொடங்குகிறது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்தவை.

இந்தக் கொள்கைக்குப் பின்னால் ஒரு விளக்கமும் இருக்கிறது. ஆண் பெண் ஏற்றத்தாழ்வு இயற்கையாக விளைந்ததன்று. சில கெட்ட மனிதர்களின் வேலையும் அன்று. சொத்து யாருக்குப் போகும், குடும்பத்தில் யார் சொல் எடுபடும், யாருடைய உழைப்புக்குக் கூலி உண்டு, யாருடைய உழைப்பு கணக்கிலேயே வராது என்பதையெல்லாம் தீர்மானித்த சட்டங்களும் வழக்கங்களும் நெடுங்காலமாகக் கட்டியெழுப்பியது அது. மனிதர்கள் கட்டியது என்பதால் மனிதர்களால் மாற்றவும் முடியும் என்பதே பெண்ணியத்தின் நம்பிக்கை. உடல் வேறுபாடுகளை அது மறுக்கவில்லை. அந்த வேறுபாடுகளை வைத்துக்கொண்டு வாக்குரிமையையும் சொத்துரிமையையும் பறிக்க முடியாது என்றுதான் சொல்கிறது.

சட்டப்படி இருவரும் சமம் என்று ஆகிவிட்டதே, இன்னும் எதற்குப் பெண்ணியம்?

சட்டம் எவ்வளவு அண்மையில் மாறியது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1893. சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை 1971இல்தான் வந்தது. பிரான்சில் திருமணமான பெண் தன் கணவரின் அனுமதியின்றி வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குச் செல்லவும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. மனைவியைக் கணவன் வன்புணர்வு செய்வது குற்றமே என்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது 1991இல். இவையெல்லாம் இன்று உயிரோடிருக்கும் பலரின் வாழ்நாளுக்குள் நடந்தவை.

சட்டம் மாறியதும் வாழ்க்கை தானாக மாறிவிடுவதில்லை. கூலியில்லாத வீட்டுவேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. நாளுக்கு மூன்று மணி நேர வேறுபாடு என்பது படிப்பு, ஓய்வு, சம்பள உயர்வு, தூக்கம், நட்பு என எல்லாவற்றிலும் போய் முடிகிறது. இந்த மூன்று மணி நேரத்தை எந்த அரசியலமைப்பும் தடுக்கவில்லை, எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. சட்டத்துக்கு அப்பாலும் பெண்ணியத்துக்கு வேலை இருப்பது அதனால்தான்.

ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று ஏறத்தாழ 90 விழுக்காட்டுப் பெண்கள் ஒரு நாள் முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். சம்பள வேலை, வீட்டுவேலை இரண்டையும் சேர்த்தே நிறுத்தினார்கள். அன்று பள்ளிகள் மூடிக்கிடந்தன, தந்தையர் குழந்தைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உழைப்பு எவ்வளவு என்பதை அந்த நாடு ஒரே நாளில் கண்டது. அடுத்த ஆண்டே அங்கே ஆண் பெண் சமவுரிமைச் சட்டம் நிறைவேறியது.

எப்படிச் சொன்னாலும், கடைசியில் அது ஆண்களுக்கு எதிரானதுதானே?

இல்லை. ஆண்களுக்குக் கிடைத்துவந்த சில சலுகைகளுக்கு அது எதிரானது. ஒரு சலுகையைப் பிறந்ததிலிருந்து அனுபவித்து வந்தவருக்கு அது சலுகையாகத் தெரியாது; இயல்பான நிலையாகவே தெரியும். அது நீங்கும்போது தம் உடைமை பறிபோவதைப் போன்ற வலி ஏற்படுகிறது. அந்த வலி உண்மையானது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வலிக்கிறது என்பதாலேயே அநீதி நடந்ததாகிவிடாது.

ஆண்களை வெறுக்கும் பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டால், இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தங்களைப் பெண்ணியவாதி என்றும் அழைத்துக்கொள்ளலாம். ஒரு கொள்கையை அதன் பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரின் கோபத்தையும் வைத்து அளந்தால் எந்தக் கொள்கையும் தேறாது. அது எதைக் கோரியது, எதைப் பெற்றுத் தந்தது என்பதை வைத்து அளப்பதே நியாயம்.

சமத்துவம்தான் நோக்கம் என்றால் பொதுவாக மனிதநேயம் என்று சொல்லலாமே? பெயரில் எதற்குப் பெண்?

பொதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதில் பெண்கள் விடுபட்டுப் போனார்கள். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி மனித உரிமைகளை அறிவித்தபோது அந்த உரிமைகள் பெண்களைச் சென்றடையவில்லை. அதைச் சுட்டிக்காட்டி 1791இல் பெண்ணின் உரிமைகள் பற்றிய ஓர் அறிவிக்கையை எழுதிய ஒலாம்ப் து கூஜ், தம் அரசியல் எழுத்துகளுக்காக 1793 நவம்பரில் கில்லட்டினில் கொல்லப்பட்டார். அதே நாட்டில் 1848இல் அனைவருக்குமான வாக்குரிமை என்று பெருமையோடு கொண்டுவரப்பட்டது ஆண்களுக்கு மட்டுமான வாக்குரிமை. பெண்கள் அதற்குப் பின் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள், 1944 வரை, காத்திருந்தார்கள். அனைவரும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய அனைவரில் பெண்கள் இல்லை, அவ்வளவுதான். அந்த விடுபடல் முற்றிலும் நீங்கும்வரை பெயரில் பெண் இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

சரி, நேராகவே கேட்கிறேன். ஆண் ஒருவர் பெண்ணியவாதியாக இருக்க முடியுமா?

முடியும். முதல் விடையில் சொன்ன கொள்கையை ஏற்று, அந்தச் செயல்பாட்டில் தம் பங்கைச் செய்பவர் எவரும் பெண்ணியவாதியே. ஓர் அநீதியை எதிர்க்க அந்த அநீதிக்கு ஆளாகியிருக்க வேண்டும் என்ற விதி எந்த விடுதலை இயக்கத்திலும் இல்லை. ஏற்றத்தாழ்வைக் கட்டிக் காப்பதில் ஆண்களுக்குப் பெரும் பங்கு இருக்கும்போது, அதைக் குலைக்கும் பொறுப்பை மட்டும் பெண்களிடம் விட்டுவிடுவதும் நியாயமாகாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. பெண்ணியவாதியாக இருக்கும் பெண் தன் சொந்த வாழ்க்கைக்காகவும் போராடுகிறாள். சோர்ந்து விலகினாலும் அந்த அநீதி அவளைப் பின்தொடர்ந்து வரும். ஆணோ விரும்பும் நாளில் விலகிக்கொள்ளலாம், விலகியபின் அவருடைய வாழ்க்கை முன்னைவிட வசதியாகக்கூட ஆகலாம். இரவில் தனியாக நடந்து வரும்போது பின்னால் கேட்கும் காலடி ஓசையைக் கணக்கெடுத்துக்கொண்டே நடக்கும் அனுபவம் அவருக்குப் படிப்பறிவாக வரலாம், உடலறிவாக வராது. ஆகவே ஆணுக்குக் கூடுதலாக ஒரு கடமை இருக்கிறது: தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிவதும், கேட்டதை நம்புவதும்.

இந்த வேறுபாட்டைக் காரணம் காட்டி, ஆண்களைப் பெண்ணியவாதி என்று அழைக்காமல் பெண்ணிய ஆதரவாளர் என்று அழைப்பதே பொருத்தம் என்று கருதுவோர் உண்டு. அவர்களோடு நான் சண்டையிட மாட்டேன். பட்டம் எதுவானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

அப்படிப்பட்ட ஆண்கள் வரலாற்றில் உண்மையிலேயே இருந்திருக்கிறார்களா?

இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செனக்கா பால்ஸ் என்ற ஊரில் 1848 ஜூலையில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டின் அறிவிக்கையில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானம் அங்கேயே பலருக்கு மிகையாகப் பட்டது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவரான பிரடெரிக் டக்ளஸ் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார், தீர்மானம் நிறைவேறியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1867இல் ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களுக்கும் வாக்குரிமை கோரித் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றாலும், அந்த அவையில் அக்கோரிக்கை முதன்முதலாக வாக்கெடுப்புக்கு வந்தது அன்றுதான்.

தமிழ் வாசகர்களுக்குப் பெரியாரை நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு கால இடைவெளியை மட்டும் குறிப்பிட வேண்டும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத்திருத்தம் வந்தது 1989இல். இடையில் 60 ஆண்டுகள். அவருக்குப் பெரியார் என்ற பட்டத்தை 1938இல் வழங்கியதும் ஒரு பெண்கள் மாநாடே.

என்னை மிகவும் கவர்ந்தவர், அதிகம் பேசப்படாத பிரடெரிக் பெதிக் லாரன்ஸ். பிறப்பில் அவர் வெறும் லாரன்ஸ். 1901இல் எம்மெலின் பெதிக்கை மணந்தபோது இருவரும் இரு பெயர்களையும் இணைத்துப் பொதுப் பெயராக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய தீவிர அமைப்பு ஒன்றின் பணிகளைத் தோளில் சுமந்தார். அதில் பெண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பதால் அவர் உறுப்பினராக இருந்ததே இல்லை. 1912இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்று, சிறையில் உண்ணாநோன்பிருந்து, வலுக்கட்டாயமாகக் குழாய்வழி உணவு செலுத்தப்பட்டார். வழக்குச் செலவை ஈடுகட்டவென்று அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. அதே ஆண்டு, போராட்ட முறை குறித்த கருத்து வேறுபாட்டால் அமைப்பின் தலைமை அவரையும் அவர் மனைவியையும் விலக்கியது. மனக்கசப்பில் அவர் கோரிக்கையைக் கைவிடவில்லை. வெளியிலிருந்தபடி தொடர்ந்து உழைத்தார். பின்னாளில், 1946இல், இந்திய விடுதலை குறித்துப் பேச வந்த அமைச்சரவைத் தூதுக்குழுவில் இருந்தவரும் இவரே.

சில பெண்ணிய அமைப்புகள் ஆண்களைச் சேர்த்துக்கொள்வதில்லையே? சமத்துவம் பேசுபவர்களே இப்படிச் செய்யலாமா?

அந்த மறுப்புக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. 1840இல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. அமெரிக்காவிலிருந்து பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கடல் கடந்து வந்திருந்த பெண்களுக்கு அங்கே இருக்கை மறுக்கப்பட்டது. மனித விடுதலை பேச வந்த ஆண்கள் பல மணி நேரம் விவாதித்து, அந்தப் பெண்கள் ஓரமாக அமர்ந்து கேட்கலாம், பேசக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். நல்ல நோக்கமுள்ள ஆண்களும் தலைமை, மேடை, முடிவு மூன்றையும் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள் என்ற பாடத்தைப் பெண்கள் பலமுறை இப்படித்தான் கற்றிருக்கிறார்கள். தமக்கு நேர்ந்த வன்முறையைப் பற்றிப் பேச ஆண்கள் இல்லாத அறை தேவைப்படும் பெண்களும் இருக்கிறார்கள். அந்த அறைக்கு வெளியே நிற்க வேண்டியிருப்பது அவமதிப்பாகாது.

அதே மாநாட்டுக்குச் சில நாள் தாமதமாக வந்து சேர்ந்த அமெரிக்க அடிமை ஒழிப்புத் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன், புகழ்பெற்ற பேச்சாளராக இருந்தும், பெண்களுக்கு மறுக்கப்பட்ட அவையில் அமர மறுத்துப் பெண்கள் ஒதுக்கப்பட்ட மாடத்தில் போய் அமர்ந்தார். மாநாடு முழுவதும் அவர் பேசவில்லை. பெதிக் லாரன்ஸின் பொறுமையையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். உறுப்பினர் அட்டை இல்லாமலே செய்யக் கூடிய வேலை நிறைய இருக்கிறது.

நான் என் மனைவிக்கு வீட்டுவேலையில் எப்போதும் உதவி செய்கிறேன். நான் பெண்ணியவாதிதானே?

நீங்கள் செய்வது நல்லது; ஆனால் இன்னும் ஒரு படி இருக்கிறது. உதவுகிறேன் என்று சொல்லும்போது வேலை அவருடையது, என் பங்கு என் விருப்பம் என்ற கணக்கு உள்ளே இருக்கிறது. வேலையைக் கைகள் செய்வதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி, பள்ளிச் சீருடை இறுகிவிட்டதா, துணி துவைக்கும் தூள் தீரப்போகிறதா, முதியவரின் மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, விருந்தினர் வந்தால் போர்வை போதுமா என்ற பட்டியல் ஒருவருடைய தலைக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன் என்று கேட்கும் கணவர் கைவேலையைப் பகிர்ந்துகொள்கிறார். அந்தப் பட்டியலை மனைவியின் தலையிலேயே விட்டுவிடுகிறார்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. வீட்டின் ஏதாவது ஒரு பொறுப்பை, உதாரணமாகக் குழந்தையின் மருத்துவம் முழுவதையும், நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தேதியை நினைவில் வைப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, அலுவலகத்தில் விடுப்பு கேட்பது, அழைத்துச் செல்வது, மருந்தை வேளை தவறாமல் தருவது என எதையும் யாரும் உங்களுக்கு நினைவூட்டக் கூடாது. சில மாதங்கள் இப்படிச் செய்தவர்கள், பின்னர் உதவி என்ற கணக்கில் பேசுவதில்லை.

மகள் பிறந்த பிறகுதான் எனக்குப் பெண்களின் நிலை புரிந்தது. அது போதாதா?

புரிந்தது நன்று. மகள், மனைவி, தாய் வழியாகத்தான் பலருக்கு இந்தக் கதவு திறக்கிறது. ஆனால் உறவில்லாத, அறிமுகமில்லாத, உங்களுக்குப் பிடிக்காத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று ஏற்கும்போதே அது நீதியாகிறது. அதுவரை பாசமாகவே இருக்கிறது.

நான் யாரையும் அடிமைப்படுத்தவில்லை. என் தாத்தா செய்ததற்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

குற்றவுணர்ச்சியை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமலே உங்களுக்கு வந்து சேர்ந்த அனுகூலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

மேலே சொன்ன மில்லின் வாழ்க்கையில் இதற்கு மிகத் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. 1851இல் அவர் ஹாரியட் டெய்லரை மணக்கவிருந்தபோது, அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி மனைவியின் சொத்து, வருமானம், அவருடைய நடமாட்டம்கூடக் கணவனின் அதிகாரத்துக்குள் வந்துவிடும். மில் அந்தச் சட்டத்தை இயற்றவில்லை. தனிமனிதராக அதை நீக்கவும் அவரால் முடியாது. அந்த அதிகாரங்களைத் தாம் ஏற்கவில்லை, ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார். சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்பது அவருக்கே தெரியும். தமக்கு இலவசமாகக் கிடைக்கவிருந்த அதிகாரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு மறுத்தார் என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றத்தில் அவர் பேசியபோது அந்தப் பேச்சுக்கு இருந்த எடை இதிலிருந்தும் வந்தது என்று நான் எண்ணுகிறேன்.

ஆண்களுக்கும்தான் எத்தனையோ துன்பம். அதைப் பற்றிப் பெண்ணியம் ஏன் பேசுவதில்லை?

பேசுகிறது, செயலிலும் காட்டியிருக்கிறது. உலகளவில் தற்கொலை செய்துகொள்ளும் ஆண்களின் விகிதம் பெண்களுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல். அழக் கூடாது, உதவி கேட்கக் கூடாது, சம்பாதிக்க முடியாதவன் ஆணே இல்லை என்று சிறுவனுக்குச் சொல்லித்தரும் வளர்ப்புக்கு இதில் பங்குண்டு. பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துவதும் அதே வளர்ப்புதான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1972இல் ஸ்டீபன் வீசன்பெல்ட் என்பவரின் மனைவி பிரசவத்தில் இறந்தார். குடும்பத்துக்கு முதன்மையாகச் சம்பாதித்தவர் ஆசிரியரான அந்த மனைவிதான். பச்சிளம் மகனை உடனிருந்து வளர்க்க விரும்பிய தந்தை, சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை கேட்டார். கணவனை இழந்த தாய்க்கு மட்டுமே அது உண்டு, மனைவியை இழந்த தந்தைக்குக் கிடையாது என்றது சட்டம். அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், பெண்களின் சமவுரிமைக்காக வழக்குகளைத் தொடர்ந்து நடத்திவந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1975இல் நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இறந்த மனைவியின் உழைப்பைக் குறைவாக மதித்த அதே சட்டம்தான் தந்தையின் பாசத்தையும் குறைவாக மதித்தது என்பதே வாதத்தின் சாரம். சுவீடன் 1974இல் தாய்க்கான விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றியதற்குப் பின்னாலும் இதே சிந்தனை இருந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு நேர்ந்த ஒன்றை யாரேனும் பேசும்போது மட்டும் ஆண்களின் துன்பம் நினைவுக்கு வந்து, மற்ற நாள்களில் அதற்காக எதுவும் செய்யத் தோன்றவில்லை என்றால், அந்த அக்கறை எதற்குப் பயன்படுகிறது என்று நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்குப் பெண்களே எதிரி என்கிறார்களே?

பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று போராட 1908இல் பெண்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆகவே ஏற்றத்தாழ்வைப் பெண்களும் காப்பாற்றுவார்கள் என்பது உண்மை. பிழைப்பும் மதிப்பும் ஒழுங்காக நடந்துகொள்வதற்கான பரிசாகக் கிடைக்கும் இடத்தில், பரிசு பெற்றவர் விதியை மீறுபவரைக் கண்டு அஞ்சுவார், கண்டிப்பார். இதிலிருந்து விதி நியாயமானது என்று முடிவுகட்ட முடியாது. பெண்ணியவாதியாக ஆண் இருக்க முடியும் என்பதைப் போலவே, பெண்ணாகப் பிறந்ததால் மட்டும் ஒருவர் பெண்ணியவாதி ஆகிவிடுவதில்லை.

எல்லாப் பெண்களும் ஒரே மாதிரியா ஒடுக்கப்படுகிறார்கள்? வசதியான பெண்ணைவிட ஏழை ஆணின் நிலை மோசமில்லையா?

பல நேரங்களில் மோசம்தான். வர்க்கம், சாதி, இனம், உடற்குறைபாடு ஆகிய எல்லாமே பாலினத்தோடு பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு சான்று. கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கும் விதியால் தங்களைப் போன்றவர்களே வேலை இழந்தார்கள் என்றார்கள் அவர்கள். 1976இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாட்டுக்குத் தனி வழி உண்டு. இரண்டையும் சேர்த்துப் புதிய வகை கோர முடியாது என்றது. ஆனால் எடுக்கப்பட்டிருந்த பெண்கள் வெள்ளையர்கள். இரு பாகுபாடுகளும் சந்திக்கும் இடத்தில் நின்ற பெண்கள் கண்ணிலேயே படவில்லை. 1989இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இந்த வழக்கை எடுத்துக்காட்டியே அந்தச் சந்திப்புக்கு ஒரு கோட்பாட்டை வகுத்தார்.

ஆகவே உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை: ஏழை ஆணின் துயரத்தைச் சொல்லி வசதியான பெண்ணின் உரிமையை மறுக்க வேண்டாம், அந்த ஏழை ஆணின் வீட்டிலேயே இருக்கும் பெண்ணின் நிலையைக் கேளுங்கள்.

பொய்ப் புகார் கொடுத்து ஆண்களின் வாழ்க்கையை அழிக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது குற்றம். அதனால் பாதிக்கப்பட்டவருக்கு நீதி வேண்டும். விசாரணையே இல்லாமல் தண்டியுங்கள் என்பது பெண்ணியத்தின் கோரிக்கையன்று. விசாரிக்கவே மறுக்காதீர்கள் என்பதே கோரிக்கை. இங்கிலாந்தில் பாலியல் வழக்குகளில், வேறு சான்றில்லாமல் பெண்ணின் வாக்குமூலத்தை மட்டும் நம்புவது ஆபத்து என்று ஜூரி உறுப்பினர்களை நீதிபதி எச்சரித்தே ஆகவேண்டும் என்ற விதி 1994இல்தான் நீக்கப்பட்டது. திருட்டுக் கொடுத்தவரின் வாக்குமூலத்துக்கு அப்படி ஓர் எச்சரிக்கை இருந்ததில்லை. மனைவி பற்றிய 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பை இதனுடன் சேர்த்துப் படித்தால், நம்பாமையே நெடுங்காலம் விதியாக இருந்தது விளங்கும்.

நண்பர்கள் கூடும் இடத்தில் யாராவது பெண்களை இழிவாகப் பேசினால் நான் என்ன செய்வது? சண்டை போட வேண்டுமா?

பெரும்பாலும் சண்டை தேவைப்படாது. சிரிக்காமல் இருங்கள். இதில் என்ன நகைச்சுவை, எனக்குப் புரியவில்லை என்று அமைதியாகக் கேளுங்கள். அலுவலகக் கூட்டத்தில் பெண் ஒருவர் சொன்ன யோசனை கவனிக்கப்படாமல் போய், ஐந்து நிமிடம் கழித்து ஆண் ஒருவர் அதையே சொன்னதும் பாராட்டுப் பெற்றால், இதை முதலில் சொன்னவர் அவர், அவரே விளக்கட்டும் என்று சொல்லுங்கள். பெண்கள் இல்லாத இடங்களுக்குள் பெண்ணியவாதிப் பெண் நுழைய முடியாது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். ஆண்கள் செய்யக் கூடியவற்றில் மிகப் பயனுள்ளது இதுவே என்று நான் கருதுகிறேன். கனடாவில் மொன்றியால் நகரப் பொறியியல் கல்லூரியில் 1989 டிசம்பர் 6 அன்று, பெண்ணியவாதிகளை வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஆண் மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களைச் சுட்டான். 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு 1991இல் அந்நாட்டு ஆண்கள் சிலர் தொடங்கிய வெள்ளை ரிப்பன் இயக்கம், ஆண்களின் வன்முறையைப் பற்றி ஆண்களிடமே பேசுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது.

பெண்ணியவாதி என்று சொல்லிக்கொண்டே பெண்களிடம் மோசமாக நடக்கும் ஆண்களை என்ன சொல்வது?

அந்தப் பட்டம் அவர்களுக்குப் பெண்களின் நம்பிக்கையைப் பெறும் குறுக்குவழியாகப் பயன்படுகிறது. இது உண்மையான ஆபத்து. பெண்கள் எச்சரிக்கையாக இருப்பதற்கு முழு நியாயம் இருக்கிறது. ஓர் ஆண் பெண்ணியத்தைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்பதைப் பார்க்காதீர்கள். ஒரு பெண் அவரிடம் முடியாது என்று சொன்ன பிறகு எப்படி நடந்துகொள்கிறார், தம்மைவிடத் திறமையான பெண்ணின் கீழ் எப்படி வேலை செய்கிறார், தம் நெருங்கிய நண்பர் மீது புகார் வரும்போது யார் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள்.

ஆணாகிய நான் ஒரு பெண்ணியவாதிப் பெண்ணோடு கருத்து வேறுபடலாமா? வேறுபட்டால் உடனே ஆணாதிக்கவாதி என்கிறார்களே?

வேறுபடலாம். பெண்ணியவாதிகள் தங்களுக்குள்ளேயே எப்போதும் வேறுபட்டு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1923இல் அரசியலமைப்பில் சமவுரிமைத் திருத்தம் முன்வைக்கப்பட்டபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில், பெண் தொழிலாளர்களின் வேலைநேரத்துக்கு வரம்பு கட்டும் சட்டங்களைப் பாடுபட்டுப் பெற்ற பெண்கள் இருந்தார்கள். முழுச் சமத்துவம் என்ற பெயரில் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்று அஞ்சினார்கள். இரு தரப்பும் பெண்களின் நலனையே விரும்பியது. செனக்கா பால்ஸில் தோள்கொடுத்த டக்ளஸும் 1869இல் கறுப்பின ஆண்களுக்கு முதலில் வாக்குரிமை என்ற கேள்வியில் தம் பழைய தோழியரோடு கடுமையாக முரண்பட்டார். கறுப்பின மக்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை என்றார் அவர். எதிர்த்தவர்கள் சிலர் சொன்ன இனவாதச் சொற்கள் இன்றும் வருத்தம் தருபவை. அவ்வளவுக்குப் பின்னும் அவர் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கையைக் கைவிடவில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று வாஷிங்டனில் பெண்கள் அமைப்பின் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பினார். அன்று மாலையே இறந்தார்.

ஆகவே வேறுபடுவதற்கு முன் இரண்டை மட்டும் பாருங்கள். நீங்கள் மறுப்பது அவர் உண்மையில் சொன்னதையா, அல்லது அவர் சொன்னதாக நீங்கள் எண்ணிக்கொண்டதையா? நீங்கள் சொல்வது தவறாகப் போனால் அதன் விளைவு யார் தலையில் விழும்? இரண்டாவது கேள்விக்கு விடை அவர் தலையில் என்று வந்தால், உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன் இன்னும் சற்று நேரம் அவர் பேசுவதைக் கேளுங்கள். அதன் பிறகும் வேறுபாடு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஆணாதிக்கவாதி என்ற சொல் வந்தாலும் எழுந்து போய்விடாமல் அங்கேயே அமர்ந்து பேச்சைத் தொடருங்கள்.